ஏழாம் நம்பர் ரோடும் எதிர்ப்பக்கத்துப் புலியும்

சென்னைக்கும் டெல்லிக்கும் நடுவில் ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ போய்வந்து பழகிய நம்ம ஆட்களுக்கு இரண்டு காடுகள் கட்டாயம் பழக்கமாகியிருக்கும், பெயர் தெரிந்திருக்காது, அவ்வளவுதான். ஒன்று, தெலுங்கானாவின் சிர்பூர் காகஸ்நகர் தாண்டியதிலிருந்து பல்லார்ஷா வரும் வரைக்கும் தண்டவாளத்தை ஒட்டியே வருகிற காடு. இன்னொன்று, நாக்பூருக்கு வடக்கே பேதுல் தாண்டி இட்டார்சிக்கு இறங்குகிற மலைக்காடு. ரெண்டு இடத்திலும் செல்போன் சிக்னல் தகராறு செய்யும். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சன்னல் வழியே பார்ப்போம். பிள்ளைகள் "அப்பா, இங்க புலி இருக்குமா?" என்று கேட்டால் "ரயில் சத்தத்துக்குப் புலியாவது ஒண்ணாவது" என்று சொல்லிவிட்டு ஊறுகாயைத் தேடுவோம்.

இருக்கும். முதல் காடு கவ்வால் புலிகள் காப்பகத்தையும் தடோபா காப்பகத்தையும் இணைக்கிற வழித்தடம். இரண்டாவது, சாத்புரா காப்பகத்துக்கும் மேல்காட் காப்பகத்துக்கும் நடுவில் இருக்கிற வழித்தடம். நாம் தெற்கு வடக்காகப் போகிறோம். புலி கிழக்கு மேற்காகக் குறுக்கே போகிறது. அதுவும் நம்மை மாதிரிதான், பிறந்த ஊரை விட்டுப் பிழைக்கப் போகிற ஆள்.

வேலை நிமித்தம் நாக்பூரில் குடித்தனம் போட்டிருப்பதால் ஆரஞ்சும் வெயிலும் போக இந்த ஊரில் பேசக் கிடைக்கிற மூன்றாவது விஷயம் புலி. எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் ரெண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு புலிக்காடு வந்துவிடும். பேஞ்ச், போர், உம்ரேட்-கர்ஹாண்ட்லா, நாக்ஜிரா, தடோபா என்று பட்டியல் நீளும். இந்தக் காடுகள் ஒன்றோடொன்று எப்படி ஒட்டியிருந்தன, எப்படித் துண்டு துண்டாயின, பிறகு எப்படி ஒட்டுப்போடப் பார்க்கிறோம் என்கிற வரலாறு எனக்கு ரொம்பப் பிடித்த வரலாறு. அரசர்களும் போர்களும் இதில் கொஞ்சம்தான். ரோடும் ரயிலும் கோர்ட்டும்தான் அதிகம்.

மோக்ளி கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ருட்யார்ட் கிப்ளிங் 1894-இல் வெளியிட்ட 'ஜங்கிள் புக்' நடக்கிற இடம் சியோனி மலைகள். நாக்பூரிலிருந்து ஜபல்பூர் போகிற ரோட்டில் இருக்கிறது சியோனி. கிப்ளிங் அந்தப் பக்கம் போனதே கிடையாது. ராபர்ட் ஸ்டெர்ண்டேல் என்ற ஆங்கிலேயர் 1877-இல் சியோனி காட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதிய புத்தகம் மாதிரியானவற்றைப் படித்துத்தான் எழுதினார் என்பார்கள். கதையின் முதல் பக்கங்களை ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஷேர்கான் வழக்கமாக இருப்பது வைன்கங்கா ஆற்றுப் பக்கம். அது தன் வேட்டைக்காட்டை மாற்றிக்கொண்டு சியோனி மலைக்கு வருகிறது. ஓநாய் அப்பாவுக்கு அதில்தான் கோபம். அதாவது, ஒரு புலி ஒரு காட்டை விட்டு இன்னொரு காட்டுக்கு இடம் மாறுவதில்தான் மோக்ளியின் கதையே துவங்குகிறது!

கிப்ளிங் தெரிந்து எழுதினாரோ தெரியாமல் எழுதினாரோ, புலியின் வாழ்க்கையில் முக்கியமான கட்டம் அதுதான். புலிக்குட்டி ஏறக்குறைய ரெண்டு வயது வரை தாயோடு இருக்கும். அப்புறம் தனிக்குடித்தனம். பெண்குட்டி பெரும்பாலும் தாய் இருக்கிற பகுதிக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொள்ளும். ஆண்குட்டிக்கு அந்த வசதி கிடையாது. ஏற்கெனவே அங்கே ஆட்சி செய்கிற பெரிய ஆண்புலி விடாது. கிளம்ப வேண்டியதுதான். இடமும் இரையும் துணையும் கிடைக்கும் வரை நடக்க வேண்டும். அந்த நடையில்தான் ஒரு காட்டு ரத்தம் இன்னொரு காட்டு ரத்தத்தோடு கலக்கிறது. அந்த நடை நின்றால் அண்ணன் தங்கைக்குள்ளேயே குட்டி போட்டு வம்சம் நலிந்து போகும்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நடக்க இடம் பிரச்சினையில்லை. சாத்புரா, மைக்கால் மலைத்தொடர்கள் முழுக்க, கோண்டு அரசர்கள் ஆண்ட கோண்ட்வானா பூமி முழுக்கக் காடு. நடுநடுவே கோண்டு, பைகா மக்களின் ஊர்கள். (நாக்பூர் நகரத்தை உண்டாக்கியவரே பக்த் புலந்த் ஷா என்ற கோண்டு அரசர்தான்.) 1861-இல் பிரிட்டிஷார் இந்தப் பகுதியை 'மத்திய மாகாணம்' என்று தனியாக்கினார்கள். காட்டில் எவ்வளவு மரம் தேறும் என்று கணக்குப் பார்க்க ஆட்களை அனுப்பினார்கள். அப்படிச் சுற்றிய கேப்டன் ஜேம்ஸ் ஃபோர்சித் எழுதிய புத்தகம் 1871-இல் வந்தது. காட்டைப் பற்றியும் கோண்டு மக்களைப் பற்றியும், கூடவே தான் சுட்ட மிருகங்களைப் பற்றியும் விலாவாரியாக எழுதியிருக்கிறார்.

அப்புறம் ரயில். பம்பாயிலிருந்து நாக்பூருக்கு 1867-இல் ரயில் வந்துவிட்டது. ஜபல்பூர் வழியாக பம்பாயும் கல்கத்தாவும் இணைந்தது 1870-இல். தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஸ்லீப்பர் கட்டைக்குத் தேக்கும் சால மரமும் வேண்டும். அதற்காகவே காட்டை சர்க்கார் காடாக்கினார்கள். 1865-இலும் 1878-இலும் வனச் சட்டங்கள் வந்தன. காட்டை எரித்துச் சாம்பலில் விதைக்கிற பைகாக்களின் 'பேவர்' விவசாயத்தை அடக்கி ஒரு சின்னப் பகுதிக்குள் ஒதுக்கினார்கள். இன்னொரு பக்கம், புலியைக் கொன்றால் பரிசு. வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்குப்படி 1875-க்கும் 1925-க்கும் இடையில் இந்தியாவில் 80,000-க்கு மேற்பட்ட புலிகள் பரிசுப் பணத்துக்காகக் கொல்லப்பட்டன. படிக்கும்போதே மூச்சு நிற்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தனையைச் சுட்டுக் கொன்ற காலத்திலும் காடுகள் ஓரளவு தொடர்ச்சியாகத்தான் இருந்தன. ஒரு காட்டில் புலி தீர்ந்தால் பக்கத்துக் காட்டிலிருந்து இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. துப்பாக்கி புலியைக் கொன்றது. வழியை அடைக்கவில்லை. வழியை அடைத்தது பிற்பாடு வந்தவை: அணைகள், சுரங்கங்கள், வயல்கள், அகலமான ரோடுகள். எல்லாம் நமக்கு வேண்டியவைதான், அதுதான் சிக்கலே.

சுதந்திரத்துக்குப் பிறகும் வேட்டை நிற்கவில்லை. வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிவந்து புலி சுட வைக்கிற 'ஷிகார்' கம்பெனிகள் நன்றாகவே சம்பாதித்தன. 1969-இல் டெல்லியில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் மாநாடு நடந்தது. அங்கே புலியின் நிலைமை பெரிதாகப் பேசப்பட்டது. அடுத்தடுத்து புலித்தோல் ஏற்றுமதிக்கும் புலி வேட்டைக்கும் தடை வந்தது. 1972-இல் எடுத்த கணக்கில் நாடு முழுக்க 1,827 புலிகள். அதே வருஷம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1973 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்திரா காந்தி ஆட்சியில் 'புராஜெக்ட் டைகர்' துவங்கியது. முதல் இயக்குநர் கைலாஷ் சங்கலா. முதலில் ஒன்பது காப்பகங்கள். அதில் மத்திய இந்தியாவுக்கு கான்ஹாவும் மேல்காட்டும். நம்ம தெற்குப் பக்கத்துக்குப் பந்திப்பூர் மட்டும்தான்.

கான்ஹாவின் கதை பெரிய வெற்றிக் கதை. 1933-இல் சரணாலயம், 1955-இல் தேசியப் பூங்கா. பாரசிங்கா என்கிற சதுப்புநில மான், 1970-இல் அங்கே வெறும் 66 என்ற நிலைக்குப் போய் மீண்டு வந்தது. ஆனால் அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர்கள் உள்ளே இருந்த பைகா, கோண்டு கிராமத்து மக்கள். ஊர் ஊராக வெளியே குடியமர்த்தப்பட்டார்கள். புல்வெளி மீண்டது, மான் பெருகியது, புலி பெருகியது. வெளியேறினவர்கள் வாழ்க்கை அந்த அளவுக்குப் பெருகியதாக யாரும் சொல்வதில்லை.

1973-இல் நாம் போட்ட திட்டத்தில் இருந்த இடைவெளி இதுதான்: வீடுகளைக் காப்பாற்றினோம், தெருவை விட்டுவிட்டோம். காப்பகத்துக்கு எல்லை உண்டு, காவல் உண்டு, பட்ஜெட் உண்டு. ரெண்டு காப்பகங்களுக்கு நடுவில் இருக்கிற காடு சாதாரணக் காடு. அங்கே மரம் வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம், ரோடு போடலாம். அதற்குள் விஞ்ஞானம் வேறு ஒன்று சொல்ல ஆரம்பித்திருந்தது. மக்ஆர்தர், வில்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1967-இல் தீவுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். தீவு சின்னதாக ஆக, கரையிலிருந்து தள்ளிப்போகப் போக, அதில் தங்குகிற உயிரினங்களின் எண்ணிக்கை குறையும் என்பது சாரம். கடலுக்கு நடுவில் இருந்தாலும் தீவுதான், வயலுக்கு நடுவில் இருந்தாலும் தீவுதான். நம் காப்பகங்கள் மெல்ல மெல்லத் தீவாகிக்கொண்டிருந்தன.

அடி விழுந்த பிறகுதான் உறைத்தது. 2004-05-இல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்று தெரிந்து நாடே அதிர்ந்தது. பிரதமர் அமைத்த புலிகள் பணிக்குழு சுனிதா நாராயண் தலைமையில் 2005-இல் அறிக்கை கொடுத்தது. சட்டம் திருத்தப்பட்டு தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வந்தது. அந்தத் திருத்தத்தில் முதன்முறையாக ஒரு முக்கியமான வாசகம் ஏறியது. காப்பகத்தை மட்டுமல்ல, ஒரு பாதுகாக்கப்பட்ட காட்டை இன்னொன்றோடு இணைக்கிற நிலத்தையும் கண்டபடி வேறு வேலைக்கு மாற்றக்கூடாது. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் ஆணையத்தின் ஆலோசனையும் வேண்டும். தெருவுக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது அப்போதுதான். புதிய முறையில் 2006-இல் எடுத்த கணக்கில் வந்த எண் 1,411. அந்த எண்ணை டிவி விளம்பரத்தில் பார்த்தது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

2009-இல் மத்தியப் பிரதேசத்தின் பன்னாவிலும் புலிகள் தீர்ந்துபோயின. பாந்தவ்கரிலிருந்தும் கான்ஹாவிலிருந்தும் பெண்புலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பேஞ்சிலிருந்து ஓர் ஆண்புலி, பெயர் டி-3. நவம்பரில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஐயாவுக்குப் புது ஊர் பிடிக்கவில்லை. கொஞ்ச நாளில் காப்பகத்தை விட்டு வெளியேறி தெற்கு நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். தெற்கே என்ன இருக்கிறது? அவர் பிறந்த பேஞ்ச்! மயக்க ஊசி போட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த புலிக்குச் சொந்த ஊர் எந்தத் திசை என்று எப்படித் தெரிந்தது? யாருக்கும் சரியான விடை கிடையாது. வயலும் ஊரும் ஆறும் தாண்டி 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்தது. அப்போதைய கள இயக்குநர் ஆர். ஸ்ரீனிவாச மூர்த்தியின் குழு யானைகளோடு பின்னாலேயே போய், டிசம்பரில் தமோ மாவட்டத்தில் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தது. மறுபடி ஓடாமலிருக்க, பெண்புலியின் சிறுநீரைக் காட்டில் தெளித்து வைத்தார்களாம். வேலை செய்தது. 2010 ஏப்ரலில் முதல் குட்டிகள் பிறந்தன. இன்று பன்னாவில் புலிகள் 50-ஐத் தாண்டிவிட்டன. பாதிக்கு மேல் டி-3-யின் வம்சாவளியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

வெளியூரில் வாழ்கிற நமக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை :-)

இந்தச் சமயத்தில்தான் ஏழாம் நம்பர் ரோடு பஞ்சாயத்து சூடு பிடித்தது. வாரணாசியில் துவங்கி ஜபல்பூர், சியோனி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர், சேலம், மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரியில் முடிந்த பழைய தேசிய நெடுஞ்சாலை 7. சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது, சியோனியிலிருந்து தெற்கே குமரி வரைக்கும் உள்ள பகுதி ஸ்ரீநகர்-கன்னியாகுமரி நெடுஞ்சாலை 44-இல் சேர்ந்துவிட்டது. நாமக்கல், சங்ககிரி லாரிகள் வடக்கே போகிற ராஜபாட்டை. மிர்சாபூரிலிருந்து நாக்பூர் வந்த பழைய தக்காணப் பெருவழியின் தடத்தில்தான் இதன் ஒரு பகுதி போகிறது. அந்த ரோடு பேஞ்சின் கிழக்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. ரோட்டுக்கு மேற்கே பேஞ்ச். கிழக்கே காடுகளும் வைன்கங்கா ஆறும் தாண்டினால் கான்ஹா. தென்கிழக்கே நாக்ஜிரா. ஷேர்கான் வந்த அதே வழி!

ரெட்டை வழியாக இருந்தவரை புலி சமாளித்தது. நாலு வழியாக்கத் திட்டம் வந்தபோது காட்டு ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். விவகாரம் உச்சநீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழு வரை போனது. சிந்த்வாரா வழியாகச் சுற்றிப் போடலாம் என்ற யோசனையும் வந்தது. வருஷக்கணக்கில் இழுத்தது. மற்ற இடமெல்லாம் நாலு வழி ஆகிவிட, இந்தத் துண்டு மட்டும் குண்டும் குழியுமாகக் கிடந்தது. லாரிக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் ரோட்டின் கேவலமான நிலையைப் பார்த்து பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஒரு பக்கம் ரோட்டை உடனே போடு என்கிற நியாயம். இன்னொரு பக்கம் காட்டை வெட்டாதே என்கிற நியாயம். ரெண்டுமே நியாயம்தான் என்பதால்தான் வழக்கு இவ்வளவு நாள் நடந்தது.

டேராடூனில் இருக்கிற இந்திய வனவிலங்கு நிறுவனம் ஒரு வழி சொன்னது. ரோட்டைத் தூக்கு, புலியைக் கீழே விடு. அதாவது, காடு வருகிற இடங்களில் ரோட்டைப் பாலத்தின் மேல் கொண்டுபோவது. பாலத்துக்கு அடியில் காடு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நாலடி அகலக் குழாயைப் போட்டுவிட்டு 'விலங்கு வழி' என்று போர்டு மாட்டக்கூடாது. எத்தனை பாலம், எவ்வளவு நீளம், செலவு யார் தலையில் என்று நெடுஞ்சாலைத் துறையோடு மறுபடி இழுபறி. முடிவில் மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் ஒன்பது இடங்களில் கட்டினார்கள். சின்னது 50 மீட்டர், பெரியது 750 மீட்டர் நீளம். மத்தியப் பிரதேசப் பக்கம் கவாசாவுக்கும் மொஹ்காவுக்கும் நடுவே 29 கிலோமீட்டரில் 14 இடங்களில் கீழ்வழிகளும், வண்டிச் சத்தமும் வெளிச்சமும் காட்டுக்குள் போகாதபடி பக்கவாட்டுத் தடுப்புகளும் வந்தன.

"புலிக்குப் பாலம் கட்டினா புலி படிச்சுப் பார்த்துட்டா போகும்?" என்று கேலி செய்தவர்கள் உண்டு. மகாராஷ்டிரப் பக்கத்துப் பாலங்களுக்கு அடியில் தானியங்கி கேமராக்களை வைத்தார்கள். 2019 மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை மட்டும் 18 வகைக் காட்டு விலங்குகள் படத்தில் சிக்கின. புள்ளிமான், காட்டுப்பன்றி, செந்நாய், முயல் எல்லாம் உண்டு. புலி? 11 வெவ்வேறு புலிகள்! வரிகளை வைத்துத் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். நம் கைரேகை மாதிரி ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு. மேலே நாமக்கல் லாரி போகிறது, கீழே புலி போகிறது. இருவருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குக் கவலையில்லை.

பாலமில்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2017 டிசம்பரில் நாக்பூர்-அமராவதி நெடுஞ்சாலையில் பாஜார்காவ் பக்கம் 'பாஜிராவ்' என்ற ஆண்புலி வண்டி மோதி இறந்தது. 2018 நவம்பரில் சந்திரபூர்-கோந்தியா ரயில் பாதையில் மூன்று புலிக்குட்டிகள் அடிபட்டு இறந்தன. நாக்ஜிராவிலிருந்து நெடுஞ்சாலையும் ஆறும் கடந்து உம்ரேட் வந்த 'ஜெய்' என்ற பிரபலமான புலி 2016-இல் காணாமல் போனது. அதன் பிள்ளை ஸ்ரீனிவாஸ் அடுத்த வருஷம் வயலில் இழுத்திருந்த மின்கம்பியில் சிக்கிச் செத்தது. பன்றிக்காகப் போட்ட கம்பி.

அதே சமயம் வியப்பையும் சொல்ல வேண்டும். திபேஷ்வர் சரணாலயத்தில் பிறந்த ஓர் இளம் ஆண்புலிக்கு 2019-இல் ரேடியோ காலர் மாட்டினார்கள். அது ஜூனில் கிளம்பியது. ஒன்பது மாதத்தில் மகாராஷ்டிரா, தெலுங்கானா என்று சுற்றி ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நடந்து, புல்டாணா மாவட்டத்தின் ஞானகங்கா சரணாலயத்தில் தங்கியது. 'வாக்கர்' என்று பெயர் வைத்தார்கள். பருத்திக் காடு, ஓடைக்கரை, ரோட்டோரம் என்று எங்கெங்கோ போயிருக்கிறது. அது போனதே பெரும்பாலான ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. வழித்தடம் என்றதும் அடர்ந்த காட்டுச் சுரங்கம் மாதிரி கற்பனை செய்துகொள்கிறோம். நிஜத்தில் அது பகலில் மனிதருக்கும் இரவில் புலிக்கும் பொதுவான நிலம்.

இந்த நடையால் என்ன பயன் என்பதற்கு ரத்தத்திலேயே சாட்சி இருக்கிறது. சந்தீப் சர்மா, திருஷ்ணா தத்தா ஆகியோரின் குழு கான்ஹா, பேஞ்ச், சாத்புரா, மேல்காட் நான்கிலும் புலி எச்சத்தைப் பொறுக்கி மரபணுவைப் பார்த்து 2013-இல் ஆய்வு வெளியிட்டது. நடுவில் காடு இருக்கிற ஜோடிகளுக்குள் போக்குவரத்து நீடிக்கிறது. நடுக்காட்டை இழந்த ஜோடிகளுக்குள் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2014-இல் புலிகள் ஆணையமும் வனவிலங்கு நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க 32 பெரிய வழித்தடங்களை வரைபடத்தில் குறித்தார்கள்.

வழி அடைபட்டால் என்னாகும் என்பதற்கு ஒடிசாவின் சிமிலிபால் உதாரணம். அங்கே வரிகள் தடித்து ஒன்றோடொன்று கலந்து, உடம்பே கறுப்பாகத் தெரிகிற புலிகள் இருக்கின்றன. பார்க்க அழகு. ஆனால் பெங்களூர் விஞ்ஞானிகளின் 2021 ஆய்வு சொன்ன காரணம் அழகானதில்லை. ஒரே ஒரு மரபணு மாற்றம், வெளித்தொடர்பில்லாத சின்னக் கூட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து பெருகியிருக்கிறது. புது ரத்தம் சேர்க்க 2024-இல் தடோபாவிலிருந்து ரெண்டு பெண்புலிகளை லாரியில் கொண்டுபோனார்கள். அதில் ஜீனத் என்பது டி-3 மாதிரியே வெளியேறி, ஜார்க்கண்ட் கடந்து மேற்கு வங்காளம் வரை போய்விட்டது. டிசம்பர் கடைசியில் பிடித்தார்கள். தன் காலால் நடந்து வர வேண்டியதை லாரியில் ஏற்றினால் இப்படித்தான்.

நம்ம தமிழ்நாட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு, சத்தியமங்கலம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால்தான் நாட்டிலேயே பெரிய புலிக்கூட்டங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. பந்திப்பூர் வழியாக இரவில் வண்டி விடமாட்டார்கள் என்று 2009-இலிருந்து நாம் முணுமுணுக்கிறோம். திம்பம் மலைப்பாதைக்கும் 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் இரவுக் கட்டுப்பாட்டை அமலுக்குக் கொண்டுவந்தது. முணுமுணுப்பு நியாயம்தான், தாளவாடி ஆட்களைக் கேட்டால் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகிற கஷ்டத்தைச் சொல்வார்கள். தெற்கே களக்காடு-முண்டந்துறைக்கும் பெரியாறுக்கும் நடுவில் இருப்பது செங்கோட்டைக் கணவாய். ஆரியங்காவு வழியாகப் போகிற ரோடும், 2018-இல் அகலப்பாதையான ரயிலும், தோட்டங்களும் அந்தக் குறுகிய இடத்தில்தான் நெருக்கியடிக்கின்றன. தென்காசிக்காரர்களுக்கு அது குற்றாலச் சாரல் வருகிற வழி. புலிக்கு அது ஒரே வாசல்.

கடைசியாக ஒரு கணக்கு. 2022-இல் நாட்டின் புலி எண்ணிக்கை 3,682 என்று மதிப்பிட்டார்கள். 1,411-லிருந்து இவ்வளவு தூரம் வந்தது சாதாரணமில்லை. ஆனால் காப்பகங்கள் நிறைந்துவிட்டால் மிச்சம் எங்கே போகும்? நடுவில் இருக்கிற நிலத்துக்குத்தான். அங்கே ஆள் இருக்கிறார்கள். சந்திரபூர் மாவட்டத்தில் கோடையில் இலுப்பைப்பூ பொறுக்கவும் பீடி இலை பறிக்கவும் விடிகாலையில் காட்டுக்குப் போகிறவர்கள்தான் புலியிடம் மாட்டி உயிர் விடுகிறார்கள். அவர்கள் வீட்டில் போய் 'தேசிய விலங்கு' என்று பேச முடியாது. கான்ஹாவில் செய்ததுபோல வழித்தடத்திலிருந்தும் எல்லாரையும் காலிசெய்ய முடியாது. செய்யவும் கூடாது. வழித்தடம் பிழைக்க வேண்டுமென்றால் அங்கே குடியிருக்கிறவர்கள் சம்மதத்தோடுதான் பிழைக்கும். இறந்த மாட்டுக்கு உடனே நஷ்டஈடு வேண்டும். பன்றி மேய்ந்த வயலுக்குப் பணம் வந்தால்தான் மின்கம்பி போடமாட்டார்கள். விறகுக்குப் பதில் கேஸ் வேண்டும். பாலம் கட்டுவதுபோல இது ஒருமுறைச் செலவு இல்லை, வருஷா வருஷம் செய்ய வேண்டியது. பாலம் கட்ட கோர்ட் உத்தரவு போட்டது. இதற்கு யார் உத்தரவு போடுவது?

நாம் சாலையையும் ரயிலையும் அதிகம் பயன்படுத்துகிற ஜாதி. வருஷத்துக்கு ரெண்டு தரமாவது ஊருக்குப் போகாமல் இருக்க முடியாது. ஆறு வழி எட்டு வழி என்று எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் சந்தோஷப்படுகிறவர்களும் நாம்தான். அடுத்த முறை அப்படி ஒரு செய்தி பேப்பரில் வந்தால், எத்தனை மணி நேரம் மிச்சம் என்பதோடு, காட்டில் ரோட்டைத் தூக்கியிருக்கிறார்களா என்ற வரியையும் தேடிப் படியுங்கள். அந்த வரி இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். பேஞ்சில் கேட்டவர்கள் இருந்ததால்தான் பாலம் வந்தது.

ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் வேலையில் இருக்கிற நம்மவர்கள் யாராவது இருந்தால், உங்கள் ஊரைச் சுற்றி எந்தக் காடு எதோடு சேர்ந்திருந்தது, இப்போது நடுவில் என்ன வந்திருக்கிறது என்று விசாரித்து எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். புலி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.